அக்னி நட்சத்திரத்தில் வீட்டுத் தோட்டம்: எதைக் காப்பது, எதை விடுவது?

கேள்வி (முசிறி)

வணக்கம். வீட்டை ஒட்டிய ஐந்து சென்ட் நிலத்தில் தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவற்றோடு இரண்டு எலுமிச்சையும் ஒரு செடிமுருங்கையும் வைத்திருக்கிறேன். மே 4-க்குப் பிறகு தக்காளிப் பூக்கள் காம்போடு உதிர்கின்றன. கத்தரி இலைகளின் அடியில் நூலாம்படை போன்ற மெல்லிய வலை படர்ந்திருக்கிறது. எலுமிச்சைக் காய்கள் மரத்திலேயே வெடிக்கின்றன. தக்காளிக்கு யூரியா வைத்தும் பயனில்லை. கிணற்றில் நீர் இறங்கிக்கொண்டே போவதால், எந்த வேலையை முதலில் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (ஒட்டன்சத்திரம்)

ஐயா, முதலில் யூரியாவை நிறுத்துங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் இருக்கும்போது தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். அப்போது எந்த உரத்தாலும் பூவைக் காயாக்க முடியாது. உங்கள் பகுதியில் மே மாத இரவுகளே 26, 27 டிகிரியில் நிற்பதால், இருக்கும் காய்களைப் பறித்துக்கொண்டு செடியை உயிரோடு வைத்திருந்தால் போதும் என்பது என் கருத்து.

நீர்ச் சிக்கனத்துக்கு மூடாக்கைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. காய்ந்த இலை, கரும்புச் சோகை, தென்னை உரிமட்டை என எது கிடைத்தாலும், தண்டை ஒட்டாமல் நான்கு விரற்கிடை இடைவெளி விட்டு, மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். நீரை விடியற்காலையில் ஆழமாக ஊறும்படி விடுங்கள். தினமும் இரண்டு வேளை மேலாக நனைப்பதால் வேர்கள் மேல்மண்ணிலேயே தங்கி, வெயிலில் முதலில் வாடுகின்றன.

கத்தரியில் நீங்கள் காண்பது செஞ்சிலந்தி என்னும், இலைச் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய பூச்சியின் வலை. வறண்ட வெப்பத்தில் அது விரைவாகப் பெருகும். மோசமான இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, காலையில் இலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். இதற்குப் பலரும் சொல்லும் நனையும் கந்தகத்தை (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) இந்த வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும்.

பதில் 2 (புளியங்குடி)

எலுமிச்சையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது தோல் இறுகிவிடுகிறது. பிறகு திடீரென்று நிறைய நீர் கிடைத்தால் உள்ளே சுளை பெருக, தோல் விரிய முடியாமல் பிளக்கிறது. ஆகவே குறைவாக விட்டாலும் ஒரே சீராக விடுவதுதான் முக்கியம். அடிமரத்தில் ஊற்றாமல், கிளைகளின் நிழல் விழும் விளிம்பில் வட்டப்பாத்தி அமைத்து அங்கே பாய்ச்சுங்கள். கோடைமழை பெய்தால் மறுபடியும் சில காய்கள் வெடிக்கும். அதைக் கண்டு நீர்ப்பாய்ச்சலை மாற்றிவிட வேண்டாம்.

பதில் 3 (திருச்சி)

முதல் பதிலில் ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். கிணறு வற்றும் நேரத்தில், காய்க்காத தக்காளிக்கு விடும் நீரை எலுமிச்சைக்குக் கொடுப்பதே நல்லது. காய்கறியை மூன்று மாதத்தில் மீண்டும் எடுக்கலாம். மரம் பட்டுப்போனால் ஆண்டுகள் வீணாகும். தக்காளியைப் பிடுங்கும்போது வேரில் முடிச்சுகள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். காய்ப்பு முடிந்த செடிமுருங்கையைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் புதுக்கிளைகள் வரும்.

ஆடிப்பட்டத்துக்கான நாற்றங்காலையும் மறக்கக் கூடாது. மிளகாய் நாற்றுக்கு ஏறத்தாழ நாற்பது நாட்கள் தேவைப்படுவதால் வைகாசிக் கடைசியில் விதைத்துவிடுங்கள். கத்தரியும் தக்காளியும் ஆனி முதல் வாரத்தில் விதைத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு தக்காளிச் செடிகளைப் பிடுங்கிப் பார்த்தேன்; வேர் முழுவதும் மணி மணியாக முடிச்சுகள் இருக்கின்றன. அந்தப் பாத்தியில் மறுபடியும் தக்காளி நடலாமா?

பதில் 3 (திருச்சி)

வேண்டாம். அது வேர்முடிச்சு நூற்புழு, அதாவது மண்ணில் வாழ்ந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழு. கத்தரியையும் வெண்டையையும்கூடத் தாக்கும். செடிகளை வேரோடு அகற்றி எரித்துவிட்டு, பாத்தியைக் கொத்தி நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலித்தீன் தாளைப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் மூடி நான்கு முதல் ஆறு வாரங்கள் விடுங்கள். உங்களை வாட்டும் இதே வெயில் மேல்மண்ணில் உள்ள புழுக்களின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிடும். ஆடியில் அந்த இடத்தில் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு, தக்காளியை வேறு பாத்திக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.