சீட்டு விரிப்பா, சீட்டுக்கோலமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

டாரட் எனும் படச் சீட்டுகளைக் கலைத்து, குறித்த இடங்களில் வரிசையாக வைத்துப் பொருள் காணும் அமைப்புக்கு (ஆங்கிலத்தில் 'ஸ்ப்ரெட்') நம் குழுமத்தில் 'விரிப்பு' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. எளிய சொல்தான். ஆனால் கேட்டதும் படுக்கை விரிப்பு நினைவுக்கு வருகிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சீட்டை எப்படிப் பரப்பினாலும் அது விரிப்புதான். நாம் பேசும் அமைப்பிலோ, சீட்டு வருமுன்பே ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது.

'கட்டம்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஜாதகக் கட்டம் பிறந்த நேரத்தோடு முடிவாகிவிடுகிறது. தன் மனத்தை அறிய டாரட்டை நாடுபவர் அதே கேள்வியோடு அடுத்த மாதமும் சீட்டெடுப்பார். வேறு சீட்டுகள் வரும். சீட்டுகளில் காணும் பொருளைப் 'பலன்' என்பதையும் தவிர்க்க விரும்புகிறேன். பலன் என்பது பிறர் சொல்ல நாம் கேட்டுக்கொள்வது.

நேற்றிரவு மூன்று சீட்டுகளை மேசையில் வைத்துச் சொற்களைச் சோதித்தேன். 1909-இல் லண்டனில் வெளியான, ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டுக்கட்டு அது. இடங்கள்: கடந்தது, இப்போது, அடுத்து. முதலில் வாள் மூன்று. மழைமேகத்தின் கீழ் ஓர் இதயத்தில் மூன்று வாள்கள் பாய்ந்திருக்கின்றன. நடுவில் துறவி, மலையுச்சியில் விளக்கேந்தித் தனியே நிற்கும் முதியவர். கடைசியில் கோப்பை ஆறு. பூ நிறைந்த கோப்பையை ஒரு சிறுவன் சிறுமியிடம் நீட்டுகிறான். பிணங்கிப் போன தோழியின் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. காயம் பழையது, தனிமை நானே தேர்ந்தது, நீட்ட வேண்டிய கை என்னுடையது என்று அந்த வரிசை எனக்குப் பட்டது. பிறகு முதல் சீட்டையும் கடைசிச் சீட்டையும் இடம் மாற்றினேன். பழைய நாட்களையே எண்ணி ஒதுங்கியிருந்தால் இனிமேல்தான் நெஞ்சில் வாள் இறங்கும் என்று அதே மூன்று சீட்டுகள் பேசின.

இடமும் இணைப்பும் சேர்ந்து பொருள் தரும் இந்த வேலைக்கான சொல் நம் வாசலிலேயே இருக்கிறது: கோலம். புள்ளிக்கோலத்தில் எத்தனை புள்ளி, என்ன வரிசை என்பது முதலில் முடிவாகிறது. புள்ளிகளைச் சுற்றி இழை ஓடிய பிறகே உருவம் தெரிகிறது. மணக்கோலம், போர்க்கோலம் என்னும்போது ஒருவர் அப்போது நிற்கும் நிலையையும் அதே சொல் குறிக்கிறது. தன்னை அறிய விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே சீட்டுக்கோலம். வினையாகவும் வரும்: சீட்டுகளைக் கோலமிட்டாள். மேலே சொன்னது மூவிடக் கோலம். கெல்டிக் சிலுவை எனப்படும் அமைப்பு பத்திடக் கோலம்; அதில் முதல் சீட்டின் மேல் குறுக்காகக் கிடத்தப்படும் இரண்டாவதைக் 'குறுக்குச் சீட்டு' எனலாம். வாசல் கோலத்தோடு குழம்பாதா என்று கேட்கலாம். 'சீட்டு' முன்னால் நிற்கும்வரை குழம்பாது. சீட்டுகளின் நான்கு இனங்களில் ஒன்றான 'வாண்ட்ஸ்' என்பதைக் 'கோல்' என்றால்தான் இடறும்; அதைத் 'தடி' என்றே வைத்துக்கொள்வோம். மற்றவை கோப்பை, வாள், காசு.

78 சீட்டுகளில் இந்த நான்கு இனங்களில் சேராமல் தனித்து நிற்கும் 22-க்கு ('மேஜர் ஆர்க்கானா') 'மகா ரகசியம்' என்ற மொழிபெயர்ப்பைக் கைவிடலாம். 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் டாரட் வெறும் சீட்டாட்டம். இந்தச் சீட்டுகளை அங்கே 'ட்ரியோன்ஃபி', அதாவது வெற்றிகள் என்றார்கள். டச்சு 'ட்ரூஃப்' வழியாக நம்மிடம் வந்த 'துருப்பு' அதே வேரிலிருந்து பிறந்தது. துருப்புச் சீட்டு என்றால் நமக்கு உடனே புரியும். வரலாறும் கூடவே வருகிறது.

படம் தலைகீழாக வரும் சீட்டைக் 'கவிழ்ந்த சீட்டு' என்று எழுதுகிறார்கள். கவிழ்ந்தால் படமே தெரியாதே! 'தலைகீழ்ச் சீட்டு' என்பதே சரி.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கேள்வி கேட்பவரைக் குறிக்க முன்கூட்டியே தேர்ந்து நடுவில் வைக்கும் சீட்டுக்கு என்ன பெயர்? 'தற்குறிச் சீட்டு' என்று முதலில் எழுதினேன். தற்குறி என்றால் எழுத்தறியாதவர் என்பதால் அடித்துவிட்டேன். இப்போதைக்கு 'ஆள்சீட்டு' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?