செஸ்னா 172எம் வாங்கும் முன் ஓர் ஐயம்: இடது மேக்னெட்டோவில் 220 ஆர்.பி.எம். குறைகிறது

நான்கிருக்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸில் ஆஸ்டினுக்கு வடக்கே வசிக்கிறேன். தனியார் விமானி உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வாடகை விமானங்களில் இதுவரை 118 மணி நேரம் பறந்திருக்கிறேன். எச்-1பி விசாவில் இருந்தவரை தனிநபராக என் பெயரில் விமானத்தைப் பதிவு செய்ய வழியில்லை என்பதால் சொந்த விமானம் என்ற எண்ணத்தை ஒத்திப்போட்டிருந்தேன். சென்ற ஆண்டு கிரீன் கார்டு கைக்கு வந்ததும் தேடத் தொடங்கி, வளைகுடாக் கரையோரத்துச் சிற்றூர் ஒன்றில் 1975ஆம் ஆண்டுச் செஸ்னா 172எம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பது 150 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் ஓ-320-இ2டி எஞ்சின். 1998இல் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தல்) ஆனபின் 1,140 மணி நேரம் ஓடியிருக்கிறது. கடைசி மூன்று ஆண்டுகளில் வெறும் 14 மணி நேரம்தான். விற்பவர் எழுபதைக் கடந்தவர். பறப்பதைக் குறைத்துக்கொண்ட பிறகும் ஞாயிறுதோறும் எஞ்சினைப் பத்து நிமிடம் தரையில் ஓடவிட்டதாகச் சொல்கிறார். இவ்வளவு குறைவாகத் தேய்ந்த, இவ்வளவு அக்கறையோடு பேணப்பட்ட எஞ்சின் கிடைப்பது அரிது என்றே எனக்குப் படுகிறது.

சிக்கல் இதுதான். சென்ற சனிக்கிழமை என் பயிற்றுநரோடும் விற்பவரோடும் சோதனைப் பறத்தலுக்குச் சென்றேன். புறப்படும் முன் 1,700 ஆர்.பி.எம்.மில் மேக்னெட்டோக்களை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இரண்டு கருவிகள்) சோதித்தபோது, வலது மேக்னெட்டோவில் மட்டும் ஓடவிட்டால் 70தான் குறைந்தது. இடதில் மட்டும் ஓடவிட்டபோது 220 குறைந்ததோடு விமானமே நடுங்கியது. எதிலும் 125க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் இடையே 50க்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்று கையேடு சொல்கிறது. விற்பவர் சற்றும் பதறாமல் 2,000க்கு ஏற்றி, மிக்சரை (காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை) குறைத்து, ஒரு நிமிடம் வைத்திருந்தார். குறைவு 110 ஆனது. நாற்பது நிமிடம் பறந்து இறங்கி, நிறுத்துமிடம் வரை ஓட்டி வந்து மீண்டும் பார்த்தால் 200.

இது ஸ்பார்க் பிளக்கில் உள்ள சிறு குறையா, எஞ்சினுக்குள் இருக்கும் பெரிய கோளாறா? பிளக்குகளை நானே கழற்றிப் பார்க்கலாமா? பேச்சை முறித்துக்கொண்டு வந்துவிடுவதே நல்லதா?

எண்ணெய்க்கை எழுதியது:

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த எஞ்சின்களோடு உழலும் மெக்கானிக் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள் உண்டு. ஒன்றுக்கு இடது மேக்னெட்டோவும் மற்றதற்கு வலது மேக்னெட்டோவும் பொறி கொடுக்கின்றன. வால்வு சிக்கிக்கொண்டாலோ பிஸ்டன் வளையம் உடைந்தாலோ எந்த மேக்னெட்டோவில் ஓட்டினாலும் அந்தச் சிலிண்டர் தடுமாறும். உங்களுக்கு வலதில் சீராக ஓடுகிறது. ஆகவே இந்த அறிகுறிக்குக் காரணம் இடது மேக்னெட்டோ, அதிலிருந்து போகும் ஒயர்கள், அந்த ஒயர்களின் முனையில் இருக்கும் நான்கு பிளக்குகள் ஆகியவற்றுக்குள்தான் இருக்க வேண்டும். மிக்சரைக் குறைத்ததும் ஓரளவு தெளிந்தது என்பதால், பிளக்கில் ஈயம் படிந்திருக்கிறது என்பதே என் முதல் ஊகம்.

உங்கள் எஞ்சின் 80 ஆக்டேன் பெட்ரோலுக்காகப் பிறந்தது. அதன் அழுத்த விகிதம் 7.0தான். இப்போது கிடைக்கும் 100எல்எல் எரிபொருளில் அனுமதிக்கப்பட்ட ஈயத்தின் அளவு பழைய 80இல் இருந்ததைப் போல நான்கு மடங்கு. அந்த ஈயத்தை ஆவியாக்கி வெளியேற்றும் வேதிப்பொருளும் எரிபொருளிலேயே கலந்திருக்கிறது என்றாலும், பிளக்கின் மூக்கு போதிய அளவு சூடேறினால்தான் அது வேலை செய்யும். மிக்சரை முழுதாகத் திறந்துவைத்து, குறைந்த வேகத்தில் தரையில் ஓடவிட்டால் மூக்கு சூடேறாது. ஈயம் சாம்பல் நிற மணிகளாகத் திரண்டு கீழ்ப்பக்கப் பிளக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஞாயிறுதோறும் பத்து நிமிடம் செய்துவந்த சேவையின் பலன் இதுவாக இருக்கலாம்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டறிவது எளிது. எஞ்சினை இடது மேக்னெட்டோவில் மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, மிக்சரை இழுத்து நிறுத்தி, உடனே அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு புகைக்குழாய்களையும் சிலிண்டரை ஒட்டிய இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். எது ஆறியிருக்கிறதோ அதுதான் எரியாத சிலிண்டர். அளக்கும்போது யாரும் புரொப்பெல்லரின் வீச்சுக்குள் நிற்கவோ அதைத் தொடவோ கூடாது. மேக்னெட்டோவின் தரையிணைப்பு ஒயர் அறுந்திருந்தால் சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஒருமுறை சுழன்றுவிடும். அடுத்து அந்தச் சிலிண்டரின் பிளக்கை, இடது மேக்னெட்டோவிலேயே இணைந்த வேறொரு சிலிண்டரின் பிளக்கோடு மாற்றிப் பொருத்த வேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி பிளக். மாறாமல் அங்கேயே நின்றால் ஒயரையோ மேக்னெட்டோவையோ பார்க்க வேண்டும். மேக்னெட்டோவை 500 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பது வழக்கம். விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக் புக்கில் அந்தப் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். கழற்றிய பிளக்குகளின் மின்தடையையும் அளக்கச் சொல்லுங்கள். 5,000 ஓமைத் தாண்டியதைத் திரும்பப் பொருத்த வேண்டாம்.

நீங்களே கழற்றலாமா என்று கேட்டீர்கள். பிளக்கைச் சுத்தம் செய்வதும் மாற்றுவதும் உரிமம் பெற்ற விமானி, தான் சொந்தமாக வைத்திருக்கும் அல்லது இயக்கும் விமானத்தில் செய்துகொள்ளலாம் என்று எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) விதிகளின் 43ஆம் பகுதி அனுமதிக்கிறது. நீங்கள் இன்னும் உரிமையாளர் அல்லர். ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

வலதிருக்கை எழுதியது:

பயிற்றுநராக ஒரு சொல். 110க்கு வந்த பிறகு பறந்தது கையேட்டின் எல்லைக்குள்தான் என்றாலும், காரணம் தெரியும்வரை அந்த விமானத்தில் இன்னொரு முறை ஏற வேண்டாம். வாடகை விமானங்களிலும் இனி எஞ்சின் கிளம்பியவுடன் மிக்சரைத் தாராளமாகக் குறைத்துவிட்டுத் தரையில் ஓட்டப் பழகுங்கள். தவறிப்போய் அப்படியே புறப்பட முயன்றால் எஞ்சின் திணறி நிற்கும் அளவுக்குக் குறைப்பதுதான் சரியான அளவு.

ஹேங்கர்வாசி எழுதியது:

தம்பி, இதே 172எம்மைப் பதினோரு ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். மேக்னெட்டோவைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டீர்கள்; மூன்று ஆண்டுகளில் 14 மணி நேரம் என்பதை மட்டும் நற்சான்றாகச் சொல்லிவிட்டுக் கடந்து போனீர்கள். என்னைக் கேட்டால் அந்த விமானத்தில் கவலைப்பட வேண்டிய எண் 220 அன்று, 14.

லைகமிங் எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் (தன் மேடுகளால் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டு) கிராங்க்ஷாஃப்டுக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) மேலே இருக்கிறது. எஞ்சின் நின்றதும் அதன் மேல் இருக்கும் எண்ணெய் வழிந்துவிடும். கடற்கரைக் காற்றில் சில வாரங்கள் நின்றால் துரு பிடிக்கத் தொடங்கும். முப்பது நாளுக்குள் ஒருமுறையாவது, எண்ணெயின் வெப்பம் 165 முதல் 200 பாரன்ஹீட்டுக்குள் இருக்கும்படி ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்று உற்பத்தியாளரே எழுதியிருக்கிறார். பத்து நிமிடத் தரை ஓட்டம் அந்த வெப்பத்தை எட்டுவதே இல்லை. எரிதலில் உண்டாகும் நீராவியை எண்ணெயில் சேர்த்துவிட்டு நின்றுவிடும். அந்தப் பெரியவர் அன்போடுதான் செய்திருக்கிறார், ஆனால் ஓட்டாமல் விட்டிருந்தாலே எஞ்சினுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

ஆகவே அவருடைய ஆண்டுப் பரிசோதனையைச் செய்யும் அதே மெக்கானிக்கை விட்டுவிட்டு வேறொருவரை அமர்த்துங்கள். எண்ணெய் ஃபில்டரை வெட்டி, உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும், கோளாறு தென்பட்டால் முன்பணம் திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். காகிதப் பக்கத்தில், ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. பதிவகத்திலிருந்து அந்த விமானத்தின் முழு ஆவணத் தொகுப்பை வரவழைத்து, தீராத கடன் எதுவும் அதன் மேல் இல்லை என்பதையும், பெரிய பழுதுபார்ப்புகளுக்கான 337 படிவங்கள் லாக் புக்கோடு ஒத்துப்போகின்றன என்பதையும் பாருங்கள். இருக்கைத் தண்டவாளங்களைப் பற்றிய 2011ஆம் ஆண்டின் ஏ.டி. ஆணையை (எஃப்.ஏ.ஏ.யின் கட்டாயப் பாதுகாப்பு ஆணை) மறக்க வேண்டாம். பூட்டுத் துளை தேய்ந்து, மேலேறும்போது விமானியின் இருக்கை பின்னால் சறுக்கிய விபத்துகள் உண்மையாக நடந்தவை.

நான்கிருக்கை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி வெளியூர் மெக்கானிக் ஒருவரை அமர்த்தினேன். ஆறியிருந்தது 4ஆம் சிலிண்டர், அதாவது இடப்பக்கம் பின்னால் இருப்பது. அதன் கீழ்ப்பிளக்கில் மிளகு அளவில் சாம்பல் நிற மணிகள் இரண்டு இருந்தன. மின்தடை 11,000 ஓம். வேறு இரண்டு பிளக்குகளும் 5,000ஐத் தாண்டியிருந்தன. எட்டையும் புதிதாக மாற்றிய பிறகு இடதில் 60, வலதில் 70 என்று இறங்கி நின்றுவிட்டது. கம்ப்ரஷன் சோதனையில் 80க்கு முறையே 76, 74, 75, 72 வந்தன. இவ்வளவு நல்ல எண்களுக்குப் பிறகும் ஃபில்டரை வெட்ட வேண்டுமா? விற்பவர் மனம் கோணுமோ என்று தயக்கமாக இருக்கிறது. திங்களன்று பணம் அனுப்பலாம் என்று நினைக்கிறேன்.

எண்ணெய்க்கை எழுதியது:

திங்களன்று அனுப்பாதீர்கள். கம்ப்ரஷன் சோதனையில் பிஸ்டன் மேலே நிற்கிறது, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றன. உள்ளே செலுத்திய காற்று எங்கே கசிகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். வால்வு எவ்வளவு திறக்கிறது என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கேம்ஷாஃப்டின் மேடு பாதி தேய்ந்த எஞ்சினும் 76 காட்டும்.

இந்த வகை எஞ்சினில் டாப்பெட்டின் (கேம்ஷாஃப்டின் மேட்டில் உரசி வால்வைத் தள்ளும் உறுப்பு) அடிப்பகுதி காளான் குடையைப் போல விரிந்திருப்பதால், எஞ்சினின் வெளிக்கூட்டை இரண்டாகப் பிரிக்காமல் அதை வெளியே எடுத்துப் பார்க்க முடியாது. சிலிண்டரைக் கழற்றினால் எட்டிப் பார்க்கலாம். அதற்கு விற்பவர் இசைய மாட்டார், இசைய வேண்டியதும் இல்லை. வால்வுகளின் மேல் இருக்கும் ராக்கர் மூடிகளைத் திறந்து, டயல் கேஜ் என்ற அளவி வைத்துப் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றி, எட்டு வால்வுகளும் எவ்வளவு இறங்குகின்றன என்று அளக்கச் சொல்லுங்கள். சுற்றும் முன் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கைக் கழற்றி வைப்பது கட்டாயம். கூடவே ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து, காந்தத்தை ஓடவிடட்டும். அரை நாள் வேலைதான். ஐம்பது ஆண்டு வயதான விமானத்தை விற்க வந்தவர் இதற்கெல்லாம் மனம் கோண மாட்டார்.

நான்கிருக்கை எழுதியது:

அளந்தாயிற்று. ஃபில்டர் மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியும் அளவில் உலோகச் செதில்கள் இருந்தன. எல்லாம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. வெளியேற்று வால்வுகள் நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு திறக்கின்றன. உள்வாங்கு வால்வுகளில் 1, 2ஆம் சிலிண்டர்கள் ஒத்துப்போகின்றன. 3, 4ஆம் சிலிண்டர்களில் மட்டும் ஒன்றேகால் மில்லிமீட்டர் குறைகிறது, அதுவும் இரண்டிலும் ஒரே அளவில். சோதனைப் பறத்தலில் மேலேற்றம் மந்தமாக இருந்தது; அதற்கு வெயில்தான் காரணம் என்று நினைத்துவிட்டேன்.

எண்ணெய்க்கை எழுதியது:

இரண்டிலும் ஒரே அளவு குறைவது தற்செயல் அன்று. எதிரெதிரான இரண்டு சிலிண்டர்களின் உள்வாங்கு வால்வுகளையும் கேம்ஷாஃப்டின் ஒரே மேடுதான் தள்ளுகிறது. இரட்டை வேலை செய்யும் அந்த மேடுதான் முதலில் தேயும். 3, 4க்குப் பொதுவான மேடு போய்விட்டது. எஞ்சினைப் பிரிக்காமல் இதற்கு வேறு வழியில்லை, முழு ஓவர்ஹால் என்றால் செலவு முப்பதாயிரம் டாலரைத் தாண்டும்.

நான்கிருக்கை எழுதியது:

விற்பவரிடம் செதில்களை நேரில் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். விலையிலிருந்து ஓவர்ஹால் செலவைக் கழித்துக்கொண்டால் வாங்கத் தயார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்; ஒரு வாரம் கேட்டிருக்கிறார். விமானத்தின் உடல் நன்றாக இருக்கிறது, துரு இல்லை, இருக்கைத் தண்டவாளங்களும் அளவுக்குள் இருக்கின்றன. அவர் இசைந்தால், சிறப்புப் பறப்பு அனுமதி வாங்கி விமானத்தை எங்கள் ஊருக்கு ஓட்டி வந்து இங்கேயே எஞ்சினை இறக்கலாமா?

எண்ணெய்க்கை எழுதியது:

ஆண்டுப் பரிசோதனை காலாவதியான விமானமாக இருந்தால் அந்த அனுமதி பொருத்தமான வழிதான். இங்கே எஞ்சினின் எண்ணெயில் இரும்பு ஓடிக்கொண்டிருக்கிறது; அந்த அனுமதிக்கும் மெக்கானிக் ஒருவர் பாதுகாப்பானது என்று கையெழுத்திட வேண்டும், நான் இட மாட்டேன். அங்கேயே எஞ்சினை இறக்கி, பெட்டியில் அடைத்து லாரியில் பணிமனைக்கு அனுப்புங்கள். எண்ணெய்க் குளிர்விப்பானையும் மறக்காமல் கழற்றி அனுப்புங்கள். அதற்குள் தங்கிய செதில்கள் புதுப்பித்த எஞ்சினுக்குள் போய்விடக் கூடாது.