தாஜ் மகாலை முதலில் எங்கே கேட்டீர்கள்?

மயிலாப்பூரிலிருந்து:

கட்டடத்தைச் சொல்லவில்லை. 1942-இல் நியூயார்க்கில் ஹென்றி செயின்ட் கிளேர் ஃபிரெடெரிக்ஸாகப் பிறந்து, தாஜ் மகால் என்று தனக்குத்தானே பேர் வைத்துக்கொண்ட ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பாடகரைச் சொல்கிறேன். என் கதையை எழுதி ஆரம்பித்து வைக்கிறேன்.

அப்பா ஒரு கோட்டுவாத்தியப் பைத்தியம் (சித்திரவீணைக்கு இன்னொரு பேர்). அமெரிக்காவிலிருந்து வந்த அத்திம்பேர் அவருக்கு ஒரு சிடி கொடுத்தார். இந்தப் பாடகருடைய 'மும்தாஜ் மகால்', 1995-இல் வந்தது. உறையில் சித்திரவீணை ரவிகிரண், மோகன வீணை விஸ்வமோகன் பட் பேரெல்லாம் இருந்தன. ஏதோ கஜல் என்று நினைத்து அப்பா கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். வந்ததோ கரகரவென்று ஓர் ஆண் குரல். "இவர் பாடறாரா, யாரையாவது வையறாரா?" என்றார். நிறுத்தப் போனேன். "இருடா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

காரணம் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம்; கர்நாடக இசையில் சாதாரணம் கீழே, அந்தரம் மேலே. அந்தக் குரல் சாதாரண காந்தாரத்தில் நிற்கவில்லை, அந்தர காந்தாரத்துக்கும் போகவில்லை, நடுவே தொங்கியது. சித்திரவீணை வழுக்கிக்கொண்டே அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வீணைக்கு இருக்கிற மாதிரி மெட்டுக்கட்டைகளே இல்லாத வாத்தியம், அதற்கென்ன கஷ்டம்? ப்ளூஸ்காரர்கள் கண்ணாடிப் புட்டியின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு கிடார் தந்தியில் இழுப்பதும் இங்கே கட்டையால் இழுப்பதும் ஒரே வேலைதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதே சிடியில் மாண்டிங்கா என்ற மேற்கு ஆப்பிரிக்க இனத்தின் பேரில் ஒரு பாட்டும் உண்டு, 'ஜானி டூ பேட்' என்ற ஜமைக்கா ரெகே பாட்டும் உண்டு.

ஆம்ஹர்ஸ்ட், மாசசூசெட்ஸிலிருந்து:

எனக்கு அவரைச் சொல்லிக்கொடுத்ததே மாடுதான். இங்கே பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்க வந்த முதல் குளிர்காலம். கை விறைத்துப்போய் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது ஆய்வகத்தில் ஒரு பெரியவர், "இங்கே கால்நடை வளர்ப்பு படித்த ஒருவர் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பால்பண்ணை வேலை பார்த்திருக்கிறார், அப்புறம் கிராமி எல்லாம் வாங்கினார்" என்றார். தேடிப் பார்த்தால் இவர்!

வளர்ந்தது பக்கத்திலேயே, ஸ்பிரிங்ஃபீல்டில். அப்பா கரீபியன் வழி வந்த ஜாஸ் பியானோ கலைஞர். அம்மா தென் கரோலினாக்காரர், கோஸ்பல் என்ற தேவாலயப் பாட்டுப் பாடுபவர். பையனுக்குப் பதினோரு வயதிருக்கும்போது அப்பா டிராக்டர் விபத்தில் போய்விட்டார். வீட்டில் ஒரு ஷார்ட்வேவ் ரேடியோ இருந்ததாம், ஊர் உலகப் பாட்டெல்லாம் அதில்தான். காந்தியும் இந்தியாவும் கனவில் வந்ததால் இந்தப் பேர் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1964-இல் கலிஃபோர்னியா போய் கிடார் கலைஞர் ரை கூடருடன் 'ரைசிங் சன்ஸ்' குழு, 1968-இல் சொந்தப் பேரில் முதல் இசைத்தட்டு.

அவரைக் 'கலப்பிசைக் கலைஞர்' என்று எழுதினால் எனக்கு எரிச்சல் வரும். தாத்தா பாட்டி செயின்ட் கிட்ஸ் தீவுக்காரர்கள். 1974-இல் 'மோ ரூட்ஸ்' போட்டு ரெகே பாடியபோது சொந்த வீட்டுப் பின்கட்டுக்குத்தானே போனார்? அதில் 'கிளாரா' என்று ஒரு செயின்ட் கிட்ஸ் பெண்ணைப் பற்றிய பாட்டே இருக்கிறது.

ஒருமுறை நேரில் கேட்டேன். தொப்பி, பெரிய உடம்பு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தது வலது கையை: கட்டைவிரலும் நடுவிரலும்தான் வேலை செய்தன, ஆள்காட்டி விரல் சும்மா இருந்தது. வீட்டுக்கு வந்து கிடாரில் முயற்சி செய்து பார்த்தேன், பத்து நிமிடத்தில் விரல் பின்னிக்கொண்டது.

கோயம்புத்தூரிலிருந்து:

'மோ ரூட்ஸ்' எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதில் இருக்கும் 'ஸ்லேவ் டிரைவர்' பாட்டை பாப் மார்லி 1973-இலேயே பாடியாயிற்று, அந்தக் கொதிப்பு இதில் இல்லை. டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதுகிற நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு 1971-இல் ஒரு நேரடி இசைத்தட்டு போட்டாரே, அதைக் கேளுங்கள். ப்ளூஸுக்கு டியூபா! ஆள் அங்கே நிற்கிறார்.

பாரிஸிலிருந்து:

நான் யாழ்ப்பாணம். இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம். எனக்குப் பக்கத்தில் வேலை செய்தவர் மாலி நாட்டுக்காரர். இரவு கடை பூட்டினதும் கைத்தொலைபேசியை ஒரு வெறும் சட்டிக்குள் போட்டுப் பாட்டு விடுவார், சத்தம் பெரிதாகக் கேட்கும். ஒருநாள் தண்ணீர் கொட்டுகிற மாதிரி கோரா வாத்தியம், கூடவே ஆங்கிலத்தில் ஒரு ப்ளூஸ் குரல். அமெரிக்கனா என்று கேட்டேன். "எங்கட ஆள்தான், அடிமைக் கப்பலில் போய் நானூறு வருசமாச்சு" என்று சிரித்தார்.

அது 'குலன்ஜான்', 1999. ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற ஊரில் துமானி ஜபாத்தேயோடும் மாலிக் கலைஞர்களோடும் சேர்ந்து பதிவு செய்தது. கோரா என்பது அரைச் சுரைக்குடுவையில் மாட்டுத்தோல் இழுத்துக் கட்டினது, 21 தந்தி. துமானியின் அப்பாவும் கோராக் கலைஞர். பரம்பரைப் பாணர் குடும்பம். அவரோடு இந்த ஆள் ப்ளூஸ் பாடுகிறபோது யார் யாருக்கு வழி விடுகிறார்கள் என்றே தெரியாது. 2024 ஜூலையில் துமானி இறந்த செய்தி வந்ததும் அந்த நண்பருக்கு அழைப்பெடுத்தேன். அவர் ஒன்றும் கதைக்கவில்லை. பின்னால் அதே இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மயிலாப்பூரிலிருந்து மறுபடியும்:

பாரிஸ் அண்ணா எழுதியதைப் படித்ததும் அப்பாவுக்குக் கோரா வீடியோ போட்டுக் காட்டினேன். இப்போது காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "தந்தி எத்தனை?" என்றார். 21 என்றேன். "நம்ம சித்திரவீணைக்கும் கிட்டத்தட்ட அதேதானே" என்று சொல்லிவிட்டு, அலமாரியில் பழைய சிடியைத் தேட எழுந்து போனார்.