ராஜபாளையம் நாய், 14 மாதக் குழந்தை: வீட்டுக்கு வந்து பார்க்கும் பயிற்சியாளர் தேவை

எங்கள் நாய் மகளைக் கடித்துவிட்டது. ராஜபாளையம், ஆண், 4 வயது, கருத்தடை செய்யவில்லை. வீடு கோவில்பட்டியில்.

மகள் தவழ்ந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. நடக்கத் தொடங்கிய இந்த ஆறு வாரங்களாகத்தான், அவள் நெருங்கினால் உடம்பு விறைக்கிறது. கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்து உறுமுகிறது. போன வெள்ளிக்கிழமை தூங்கிக்கொண்டிருந்ததன் மேல் அவள் கை வைத்தாள். வெடுக்கென்று பாய்ந்தது, கன்னத்தில் பல் பதிந்து ரத்தம் வந்தது. 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டார்கள், தடுப்பூசியும் நடக்கிறது. நாய்க்கு வெறிநோய் ஊசி தவறாமல் போட்டிருக்கிறோம்.

சோற்றைத் தனியாக வைத்தோம், கூடத்தில் மரத் தடுப்பு போட்டோம், வாய்மூடி பழக்கினோம். அப்பா பிரம்பால் நாலு போட்டார். அதன்பின் உறுமலே இல்லை. நல்லதென்று அவர் நினைக்கிறார். எச்சரிக்காமல் கடிக்குமே என்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கால்நடை மருத்துவர் பல், மூட்டு எல்லாம் பார்த்துவிட்டு, வலி எதுவும் இல்லை என்றார். இந்த வெள்ளை இனத்தில் காது கேளாமை உண்டாம். பின்னால் நின்று கை தட்டினால் எங்களுடையதும் திரும்புவதில்லை.

இப்போது இருவரையும் வேறு வேறு அறையில் வைத்திருக்கிறோம்.

மதுரை, திருநெல்வேலிப் பக்கம், அடிக்காமல் பழக்கும், காது கேளாத நாய்களைக் கையாண்ட, வீட்டுக்கு வரக்கூடிய பயிற்சியாளர் யாரையாவது தெரியுமா?