பீத்தோவன் படமும் குன்னூர் பீமாவும்

1992-இல் வந்த 'பீத்தோவன்' படத்தை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நாய்க்காகப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அதில் வரும் அப்பா ஜார்ஜ் நியூட்டனுக்காக. சார்ல்ஸ் க்ரோடின் நடித்தது. நாயே வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிற மனிதர் அவர். முதலீடு செய்ய வந்தவர்களை நாய் நாற்காலியோடு தோட்டம் முழுக்க இழுத்துக்கொண்டு ஓடும்போது பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள், எனக்கு அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

குன்னூரில் அக்கா வீட்டில் பீமாவைப் பார்த்த பிறகு அந்த முகம் இன்னும் நன்றாகப் புரிந்தது. படத்தில் வரும் நாயைப் போலவே பீமாவும் செயின்ட் பெர்னார்ட் இனம் தான். "நாங்க பாத்துக்கறோம்ப்பா" என்று பிள்ளைகள் கெஞ்சி வாங்கியது. அத்தான் ஒத்துக்கொள்ளவே இல்லை. இன்று விடியற்காலையில் அதைக் கூட்டிக்கொண்டு நடப்பது அத்தான் தான்.

முதல் தடவை போனபோது முன்னங்கால் இரண்டையும் என் தோளில் வைத்து நின்றது. நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். கடிக்கிற குணமே கிடையாது, எடைதான் பிரச்சினை. வளர்ந்த நாய் எழுபது கிலோ சாதாரணமாக இருக்கும். அப்புறம் ஜொள்ளு. சாப்பிடும் நேரத்தில் மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொள்ளும். உதட்டு மடிப்பிலிருந்து கெட்டியாக ஒரு இழை இறங்கும். தலையை ஒரு உதறு உதறினால் அது சுவரில் ஒட்டும், சாம்பார் கிண்ணத்திலும் விழும். அதற்கென்றே ஆணியில் ஒரு துண்டு தொங்குகிறது. அத்தான் பேசிக்கொண்டே உதட்டைத் தூக்கித் துடைத்துவிட்டு, கை கழுவி வந்து மறுபடி சாப்பிடுவார்.

இந்த நாய் வெயிலுக்கானதே இல்லை. சுவிட்சர்லாந்து–இத்தாலி எல்லையில், 2,469 மீட்டர் உயரக் கணவாயில் இருக்கும் மடத்தில், பனியில் சிக்கியவர்களைத் தேடப் பழக்கிய இனம். பாரி என்ற நாய் 40 பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள், பாடம் செய்த அதன் உடல் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குன்னூரிலேயே ஏப்ரல், மே மதியங்களில் பீமா குளியலறைத் தரையை விட்டு எழுந்திருக்காது. சென்னையில் ஒரு மூன்றாவது மாடி பால்கனியில் இதே இனத்து நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துக் கிடந்ததைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை. தயவுசெய்து சமவெளியில் இதை வாங்காதீர்கள். ஆயுளும் குறைவு, பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து வருடம். படத்தில் இதெல்லாம் வராது.

ஆனால் படத்தில் ஒன்று அப்படியே உண்மை. கால்நடை மருத்துவர் பேச்சை நம்பி நாயை ஒப்படைத்துவிட்டு வரும் ஜார்ஜுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது, திரும்பிப் போய் நிற்பார். போன வருடம் அக்காவுக்கு முதுகுவலி அதிகமானபோது, தெரிந்தவர் எஸ்டேட்டுக்குப் பீமாவைக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. பிள்ளைகள்கூட அரைமனதாகச் சரி என்றார்கள்.

"அவன் மாத்திரை போட்டா என் கையிலதான் முழுங்குவான். அங்க யாரு குடுப்பா?" என்றார் அத்தான். மறுநாளே வீடு கூட்டித் துடைக்க ஆள் வைத்துவிட்டார்.