கரிசல் தரையில லேத்து உக்கார வைக்கணும், யோசனை சொல்லுங்கண்ணே

வணக்கம். கள்ளிக்குடிப் பக்கம் வீடு. கப்பலூர்ல ஒரு பட்டறைய மூடுறாங்கன்னு நாலரை அடி லேத்து (இரும்பைக் கடையிற மிஷின்) ஒண்ணு வாங்கிட்டேன். ஓட்டத் தெரியும், உக்கார வைக்கத்தான் துணை வேணும்.

பெரிய கவலை தரை. எங்க ஊரு கரிசல். மழைக்கு உப்பும், கோடையில கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். மேல கான்கிரீட் போட்டாலும் அடியில மண்ணு அசைஞ்சா லேத்தோட பெட்டு (எல்லாத்தையும் தாங்குற நீள அடிப்பாகம்) முறுக்கிக்கும், கடையிற உருப்படி ஒரு முனை பெருசு, ஒரு முனை சிறுசுன்னு டேப்பராகும். கரிசலைத் தோண்டி எடுத்துட்டு கிராவல் நிரப்பி, கம்பி கட்டித் தனி ஃபவுண்டேஷன் போடச் சொல்றார் கொத்தனார். எவ்வளவு ஆழம் போகணும்? நம்ம பக்கம் யாராச்சும் இப்படிப் போட்டு ஒரு கோடை, ஒரு மழை பாத்திருந்தா அந்த அனுபவம்தான் வேணும். போல்ட் போட்டு இறுக்கிடணுமா, உயரத்தைத் திருகி மாத்துற லெவலிங் பேட்ல வச்சு அப்பப்ப சரி பண்ணிக்கலாமா? எனக்கு ரெண்டாவதுதான் தோதுன்னு படுது.

கொத்தனார் ரசமட்டம் இதுக்கு ஆகாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வைக்கூடக் காட்டுற லெவல் மதுரையில வாடகைக்குக் கிடைக்குமா? கிடைக்கலேன்னா, சக்குல (உருப்படியைக் கவ்விச் சுத்துற பாகம்) ஒரு தண்டைப் பிடிச்சு, ரெண்டு முனையிலயும் மெல்லிசா கடைஞ்சு, மைக்ரோமீட்டர்ல அளந்து லேத்துக் காலுக்கு அடியில ஷிம் (மெல்லிசு தகடு) வைக்கிறதா இருக்கேன்.

அப்புறம் கரண்ட். வீட்டுல சிங்கிள் பேஸ்தான். மோட்டார் மூணு பேஸ், 1 எச்.பி., 415 வோல்ட், ஸ்டார் (மூணு சுருளோட ஒரு முனையும் ஒரே முடிச்சுல சேர்ற இணைப்பு). டெல்டாவுக்கு (சுருளுகளை முக்கோணமாக் கோக்கிற இணைப்பு) மாத்தி, சிங்கிள் பேஸை மூணு பேஸாக்கித் தர்ற விஎஃப்டி போட்டா 230-ல ஓடும். ஆனா டெர்மினல் பாக்ஸுக்கு மூணு வயருதான் வருது. உள்ள இருக்கிற ஸ்டார் முடிச்சைப் பிரிச்சு ஆறு வயரையும் வெளிய எடுத்துத் தர்ற நல்ல ரீவைண்டிங் கடை திருமங்கலத்துலயோ மதுரையிலயோ தெரிஞ்சா சொல்லுங்க.