நியூட்ரல் செக்‌ஷன் வந்தால் லோக்கல் ரயிலில் லைட் போகிறது, எக்ஸ்பிரஸில் ஏன் போவதில்லை?

ஜன்னலோரம்:
சென்னையின் பழைய லோக்கல் ரயில்களில், மேலே கம்பியில் கரண்ட் இல்லாத துண்டான நியூட்ரல் செக்‌ஷனைக் கடக்கும்போது லைட், ஃபேன் எல்லாம் நின்று, ஒன்றிரண்டு விளக்கு மட்டும் எரியும். அதே 25,000 வோல்ட் கம்பிக்குக் கீழே வாப்-4 மின்சார எஞ்சின் இழுக்கும், பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் பழைய ரகப் பெட்டியில் போனால் எதுவுமே தெரிவதில்லை. எப்படி?

கேட்டனரி:
கம்பியில் வரும் கரண்ட் அந்தப் பெட்டிகளுக்குப் போவதே இல்லை. அடுத்தடுத்த சப்ஸ்டேஷன்கள் வேறு வேறு ஃபேஸில் இருந்து எடுப்பதால் நடுவில் கரண்ட் இல்லாத சிறு துண்டு விடுவார்கள். 500 மீட்டரிலும் 250 மீட்டரிலும் எச்சரிக்கைப் பலகை இருக்கும், டிரைவர் டிஜேயை, அதாவது எஞ்சினின் மெயின் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்துவிட்டு (கரண்டைத் துண்டித்துவிட்டு) ஓடுகிற வேகத்திலேயே தாண்டி, அப்புறம் மூடுவார். லோக்கலில் லைட்டும் அதே கம்பியை நம்பியிருப்பதால் அணைகிறது.

பெரம்பூர் பெல்ட்:
பெட்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள், சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியில், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தொங்கும், அச்சிலிருந்து வி-பெல்ட் அதைச் சுற்றும். சாதாரணப் பெட்டிக்கு 4.5 கிலோவாட், ஏசி பெட்டிக்கு 25 கிலோவாட்டில் இரண்டு. பக்கத்தில் பேட்டரிப் பெட்டி, 110 வோல்ட். சக்கரம் சுற்றும்வரை லைட் எரியும், பேட்டரியும் சார்ஜ் ஆகும். ரயில் எங்காவது ரொம்ப நேரம் நின்றால் ஃபேன் தளர்ந்து லைட் மங்குவது இதனால்தான். ஆக எஞ்சின் தரும் கரண்ட் வயர் வழியாக வராமல், இழுவையாக மாறி, சக்கரம் வழியாகத்தான் நமக்கு வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது, ஒரு பெட்டியில் பெல்ட் அறுந்தாலும் மற்ற பெட்டிகளுக்குப் பாதிப்பில்லை.

ஜன்னலோரம்:
அட, இவ்வளவுதானா! சரி, ராஜதானிக்கு முன்பெல்லாம் இரண்டு பக்கமும் ஜெனரேட்டர் வண்டி ஓடியதே, அது ஏன்?

கேட்டனரி:
முழு ரயிலும் ஏசி என்றால் பெட்டிக்குப் பெட்டி ஆல்டர்னேட்டர் மாட்டி இழுப்பது எஞ்சினுக்குச் சுமை, அச்சுக்கும் பராமரிப்புக்கும் தொல்லை. அதனால் டீசல் ஜெனரேட்டர் வைத்தார்கள். மேலே கம்பியில் கரண்ட் ஓட, கீழே டீசல் எரித்தது வீண் என்பதே என் கருத்து. 1995-இல் ஏபிபி என்ற ஐரோப்பிய நிறுவனத்திடமிருந்து வந்த வாப்-5 எஞ்சினின் டிரான்ஸ்ஃபார்மரிலேயே பெட்டிகளுக்குக் கரண்ட் தரவென்று தனி வைண்டிங் (கம்பிச் சுருள்) இருந்தது. ஆனால் எஞ்சினிலிருந்தே பெட்டிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் முறை பரவலானது 2010-களின் இறுதியில்தான். அப்படி ஓடும் ரயில்களில் நியூட்ரல் செக்‌ஷன் வந்தால் ஏசி சற்று நின்று வரும், கவனித்துப் பாருங்கள்.